நீலகிரியிலிருந்து உலகைப் படித்தல்: மானிடப் புவியியல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தபோது, பதினோராம் வகுப்பில் புதிதாகச் சேரும் மாணவர்களும் சில வேளைகளில் அவர்களுடைய பெற்றோரும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். மணி அடிப்பதற்குள் அவசரமாகச் சொன்ன விடைகளை இங்கே சற்று நிதானமாக எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்த மலைக்குள்ளேயே கிடைத்தவை.

மானிடப் புவியியல் எதைப் படிக்கிறது?

மனிதர் எங்கே வாழ்கின்றனர், ஏன் அங்கே வாழ்கின்றனர், அவர்கள் வாழ்வதால் நிலம் எப்படி மாறுகிறது, ஓரிடத்தில் நடப்பது மற்றோரிடத்தை எவ்வாறு தொடுகிறது என்பனவற்றைப் படிக்கும் துறை அது. இந்த இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் இதை மனப்பாடம் செய்வதால் பெரிய பயனும் இல்லை. சளி பிடித்தால் வீட்டில் தேடி எடுக்கும் நீலகிரித் தைலப் புட்டியை மேசைமீது வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

அந்தத் தைலம் தரும் மரத்தை நம் பக்கத்தில் கற்பூர மரம் என்கிறோம். அது இந்த மலையில் தோன்றிய மரம் அன்று. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியையும் டாஸ்மேனியாத் தீவையும் சேர்ந்தது. 1843ஆம் ஆண்டளவில் அது இங்கே கொண்டுவந்து நடப்பட்டது. குளிர் மிகுந்த ஊரில் குடியேறிய ஆங்கிலேயருக்குக் கணப்பு மூட்ட விறகு வேண்டியிருந்தது. சோலைக்காடுகளோ மெதுவாக வளர்பவை, வெட்டினால் விரைவில் தீர்ந்துவிடுபவை. விரைந்து வளரும் அயல்நாட்டு மரம் அந்தத் தேவைக்குப் பொருந்தியது. பின்னர் அதுவும், அதே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் புல்வெளிகளை மூடின. சதுப்பு நிலங்கள் வறண்டன. இந்த மலையின் பழங்குடியினரான தோடரின் எருமைகளுக்கு மேய்ச்சல் நிலம் சுருங்கியது. இதற்கிடையே கன்னடத்திலும் இந்தியிலும் அந்த மரத்துக்கே நீலகிரி என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆஸ்திரேலிய மரம் நம் மலையின் பெயரோடு இந்தியா முழுவதும் சுற்றுகிறது.

எங்கிருந்து வந்தது, யாருடைய தேவைக்காக வந்தது, வந்தபின் யாருக்கு எது குறைந்தது என்ற மூன்று கேள்விகளை அந்தப் புட்டியிடம் கேட்டவர் மானிடப் புவியியலைத் தொடங்கிவிட்டார்.

இயற்கைப் புவியியலிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் குந்தாவின் மேற்குப் பகுதியையும் நனைக்கும்போது கோத்தகிரிக்குக் குறைவாகவே பெய்வதும், கோத்தகிரி வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்திருப்பதும் இயற்கைப் புவியியலின் செய்திகள். 2019 ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானதும் அவ்வாறே. ஆனால், சரிவை வெட்டிச் சாலை போட்டது யார், வெட்டிய சரிவின் அடியில் வீடு கட்டிக்கொள்ள வேண்டிய நிலை யாருக்கு வந்தது, மண் சரிந்தபோது யாரால் வேறிடம் செல்ல முடிந்தது என்று கேட்கத் தொடங்கினால் மானிடப் புவியியலுக்குள் வந்துவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை. பாடநூல் வசதிக்காகப் பிரித்திருக்கிறது, அவ்வளவே.

அமைவிடம், இடம் என்று இரண்டு சொற்கள் எதற்கு?

ஏறக்குறைய 11.4 பாகை வட அட்சத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது உதகையின் அமைவிடம். அது மாறாது. இடம் என்பது அங்கே மனிதர் ஏற்றிவைத்த பொருள். அது ஆளுக்கு ஆள் மாறும். உதகமண்டலம் என்ற பெயரின் வேரில், தோடரின் குடியிருப்பைக் குறிக்கும் மந்து என்ற சொல் இருக்கிறது. அது ஆங்கிலேயர் வாயில் சுருங்கி ஊட்டி ஆயிற்று. அரசு ஆவணங்களில் உதகமண்டலம், பேருந்துப் பலகையில் உதகை. சுற்றுலா வருபவருக்கு அது ஏரியும் பூங்காவும். காய்கறி ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு அதிகாலைப் பனிமூட்டமும் கொண்டை ஊசி வளைவுகளும்.

ஆங்கிலேயர் வருவதற்கு முன் இந்த மலை வெளியுலகத் தொடர்பில்லாமல்தானே இருந்தது?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள், அது சரியன்று. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறிய பிறகே நீலகிரி உலகுக்குத் தெரியவந்தது என்ற கதை, உலகம் என்றால் ஐரோப்பா என்று வைத்துக்கொண்டால்தான் பொருந்தும். போசள அரசன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதாக 1117ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டுச் செய்தி உண்டு. மலபார்ப் பக்கத்திலிருந்து ஃபெனிசியோ என்ற சேசு சபைப் பாதிரியார் 1603இல் இங்கு வந்து தோடரைப் பார்த்து எழுதியிருக்கிறார். இம்மலையில் பயிர்செய்து வாழும் படுகரின் மொழி கன்னடத்துக்கு நெருக்கமானது. மைசூர்ப் பக்கத்திலிருந்து அவர்கள் வந்து குடியேறியதை அவர்களுடைய வாய்மொழி மரபும் சொல்கிறது.

மலைக்குள்ளும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. தோடர் எருமை நெய்யைக் கொடுத்தனர். மற்றொரு பழங்குடியினரான கோத்தர் இரும்புக் கருவிகளும் மண்பாண்டங்களும் செய்துகொடுத்ததோடு மற்றவர் வீட்டுச் சாவுக்கு வந்து இசைத்தனர். படுகர் தானியம் தந்தனர். காட்டில் வாழ்ந்த குறும்பர் தேனும் காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தனர், அவர்களுடைய மந்திரத்துக்கு மற்றவர் அஞ்சவும் செய்தனர். பணம் அதிகம் புழங்காத, குடும்பத்துக்குக் குடும்பம் வழிவழியாகத் தொடர்ந்த உறவு அது. அதைச் சமத்துவமான உறவு என்று அழகுபடுத்திச் சொல்லவும் நான் விரும்பவில்லை. மேல் கீழ் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. கடைத்தெருவில் மலிவான பாத்திரமும் கருவியும் கிடைக்கத் தொடங்கியபின் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அது பெரும்பாலும் நலிந்தது.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த சான்று உப்பு. தோடரிடமும் படுகரிடமும் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் உப்பு கொடுக்கும் சடங்கு உண்டு. உப்பு விளையும் நிலம் இந்த மலையில் இல்லை. கீழிருந்து யாரோ சுமந்து ஏறியிருக்க வேண்டும். தனித்திருந்ததாகச் சொல்லப்படும் ஒரு மலையின் சடங்குக்குள்ளேயே சமவெளிக்குப் போகும் பாதை ஒன்று இருக்கிறது.

உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் நம் மண்ணின் பயிர்கள் இல்லையா?

நம் மண்ணில் விளைபவை. நம் மண்ணில் தோன்றியவை அல்ல. உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையிலிருந்து வந்தது. பீன்ஸ், மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் ஆகியவையும் அமெரிக்கக் கண்டங்களின் கொடைதான். கேரட்டின் தாயகம் நடு ஆசியா. முட்டைக்கோசும் பீட்ரூட்டும் ஐரோப்பியக் கடலோரக் காட்டுச் செடிகளிலிருந்து வந்தவை. 1492க்குப் பிறகு கண்டங்களுக்கிடையே பயிர்களும் விலங்குகளும் நோய்களும் இடம்பெயர்ந்த பெரும் மாற்றத்தின் ஒரு கிளை, 19ஆம் நூற்றாண்டில் சல்லிவன் முதலியோர் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. மேட்டுப்பாளையம் மண்டியிலும் சென்னையிலும் இவற்றை இன்றும் இங்கிலீஷ் காய்கறி என்றே சொல்கிறார்கள். அதற்கு முன் இந்தச் சரிவுகளில் சாமையும் ராகியும் விளைந்தன.

பயிர் வரும்போது அதன் எதிரியும் கூடவே வரும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961இல் உதகைக்கு அருகேதான் கண்டறியப்பட்டது. அதன் தாயகமும் ஆண்டீஸ்தான். அதன்பின் நீலகிரி விதைக்கிழங்கு வெளியிடங்களுக்குச் செல்லத் தடை வந்தது. ஊட்டிக் கிழங்கு என்றால் சமையலறையில் மதிப்பு. விதை என்றால் சோதனைச் சாவடி. பல குடும்பங்கள் கிழங்கு நிலத்தைத் தேயிலைக்கு மாற்றியதற்கு இத்தகைய நோய்களும் ஒரு காரணம்.

சிங்கோனாவையும் இங்கேயே சொல்லிவிடலாம். காய்ச்சலுக்கான கொயினா மருந்து தரும் அந்த மரத்தின் விதைகளையும் செடிகளையும் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையிலான குழு 1860இல் ஆண்டீஸ் நாடுகளிலிருந்து எடுத்து அனுப்பியது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. மலேரியாவைத் தாங்கும் மருந்து கையில் இல்லாமல் வெப்ப நாடுகளில் படைகளை வைத்துப் பேரரசு நடத்துவது எளிதாக இருந்திருக்காது. ஆனால் டச்சுக்காரர் ஜாவாத் தீவில் அதைவிடக் கொயினா மிகுந்த வகையைப் பயிரிட்டனர்; சந்தை அங்கே போயிற்று. நடுவட்டத்தின் சரிவில் தேயிலை ஏறியது.

பச்சைத் தேயிலையின் விலையைக் கோத்தகிரி விவசாயி ஏன் தீர்மானிக்க முடிவதில்லை?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர்களில் பாதிப்பேர் பெற்றோர்.

முதற்காரணம் மிகவும் எளியது: கொழுந்து காத்திருக்காது. நெல்லை மூட்டையில் கட்டி வைத்து விலை ஏறும்வரை பொறுக்கலாம். பறித்த கொழுந்து சில மணி நேரத்துக்குள் தொழிற்சாலைக்குள் போயாக வேண்டும். சாக்கிலேயே சூடேறிச் சிவந்துவிட்டால் அதற்கு விலை இல்லை. ஆகவே, அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு வண்டி எட்டும் தூரத்தில் உள்ள சில ஆலைகளே உலகச் சந்தை. பேரம் பேசும் வலிமை அந்தச் சில கிலோமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது, ஆலையும் விலையைத் தானே வைத்துக்கொள்வதில்லை. நான்கு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கும். அந்தத் தூளின் பெரும்பகுதி குன்னூர் ஏல மையத்துக்குச் செல்கிறது. 1963இல் தொடங்கிய அந்த ஏலம் இப்போது கணினி வழியாக நடக்கிறது. அங்கே வாங்குபவர் மனத்தில் குன்னூர் மட்டும் இருப்பதில்லை. கென்யாவின் தூள் என்ன விலை, அசாமில் விளைச்சல் எப்படி, எந்த நாடு எவ்வளவு கேட்கிறது என்பனவெல்லாம் இருக்கின்றன. இலையை வெட்டிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. முறை 1930களில் அசாமில் உருவானது. அதே முறையில் கென்யாவும் செய்கிறது. ஒரே மாதிரியான தூளை இரண்டு கண்டங்கள் செய்தால், வாங்குபவர் மலிவான பக்கம் திரும்புவார்.

மூன்றாவது அரசியல். சோவியத் ஒன்றியம் இந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கியது. ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கும் ஏற்பாடு இருந்ததால், டாலரைத் தேடாமல் அவர்களால் வாங்க முடிந்தது. 1991இல் அந்த ஒன்றியம் கலைந்தது. ரூபாய் ஏற்பாடும் முடிவுக்கு வந்தது. பழைய உறுதியான வாடிக்கையாளர் போய், விலை பார்த்து வாங்கும் பல வணிகர்கள் அந்த இடத்துக்கு வந்தனர். அந்தப் பத்தாண்டின் இறுதியில் விலை சரிந்தபோது நீலகிரியில் கடையடைப்பும் மறியலும் நடந்தன. வகுப்பில் பலருக்கு வரைபடத்தில் மாஸ்கோவைக் காட்டத் தெரியாது. ஆனால் 2000ஆம் ஆண்டையொட்டித் தங்கள் வீட்டு நகை ஏன் அடகுக்குப் போனது என்பது தெரியும். இரண்டும் ஒரே பாடம் என்று சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

இதில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. ஏலத்தில் விலை இறங்கும்போது ஆலை தன் கூலியையும் விறகுச் செலவையும் மின்கட்டணத்தையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொழுந்துக்குத் தருகிறது. சங்கிலியின் மற்ற கண்ணிகளுக்கெல்லாம் கழித்துக்கொள்ள ஏதேனும் இருக்கிறது. முதற்கண்ணியில் இருப்பவருக்கு மட்டும் கழிக்க யாரும் இல்லை. கூட்டுறவு ஆலைகளும் அவற்றின் இணையமான இன்கோசர்வும் 1960களில் தொடங்கப்பட்டதன் நோக்கம் இந்த நிலையைத் தளர்த்துவதே. அது ஓரளவுக்கே நிறைவேறியது என்பது என் கருத்து. ஆலை உங்களுடையதாக இருந்தாலும் ஏலம் உங்களுடையது அன்று.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் சிலோன்காரர் என்று சொல்லப்படுவோர் அகதிகளா?

அல்லர். இந்தச் சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது அவசியம். 19ஆம் நூற்றாண்டில் தமிழகச் சமவெளியின் வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் உந்த, ஆள் சேர்த்து அனுப்பிய கங்காணிகள் வழியாக இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரின் வழிவந்தவர்கள் இவர்கள். இலங்கை விடுதலை பெற்றபின் இவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆக்கப்பட்டனர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் முடிவாயிற்று. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. எண்ணிக்கையைப் பிரிப்பதுபோல் குடும்பத்தைப் பிரிக்க முடியாது என்பது தலைமன்னார்த் துறைமுகத்தில் கப்பலேறியவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் அரசின் சொல்லில் தாயகம் திரும்பியோர். இந்தியக் குடியுரிமை பெற்றவர்கள். 1983க்குப் பிறகு போரினால் வந்தவர்களே அகதிகள். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகவே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது; அதுவே இன்றைய டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். பாட்டனார் பிறந்த ஊர் புதுக்கோட்டையாகவோ திருச்சியாகவோ இருந்தாலும், அங்கே அவர்களுக்கு நிலமும் இல்லை, தெரிந்த தொழிலும் இல்லை. கொழுந்து பறிக்கவும் கவாத்து வெட்டவும் தெரிந்த கை தேயிலை இருக்கும் மலையைத் தேடியது. ஊரைவிட்டுத் தள்ளுவது உந்து காரணி, புதிய இடத்துக்கு ஈர்ப்பது இழு காரணி என்று பாடநூல் இரண்டு பட்டியல் தரும். இவர்களின் கதையில் ஒரே ஒப்பந்தத் தாள் இரண்டுமாக இருந்தது.

நீலகிரியின் மக்கள்தொகை குறைந்தது என்பது உண்மையா?

உண்மை. 2001இல் 7,62,141 ஆக இருந்தது 2011 கணக்கெடுப்பில் 7,35,394 ஆயிற்று. தமிழகம் முழுவதும் 15.6 விழுக்காடு வளர்ந்த அதே பத்தாண்டில் இங்கே 3.5 விழுக்காடு குறைந்தது. மாநிலத்தில் வேறெந்த மாவட்டமும் அப்போது குறையவில்லை. பிறப்பு குறைந்தது ஒரு காரணம். தேயிலை விலை சரிந்தபின் இளையோர் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கியது மற்றொன்று. அதே காலத்துக்குப் பிறகு தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தொழிலாளர் வந்து தங்கத் தொடங்கினர். மக்கள் குறைந்த மலைக்கு மக்கள் வருவது முரண்பாடாகத் தோன்றும். இங்கே போதாத கூலி ஒருவருக்குப் போதும் என்று தோன்றுவதற்கு அவருடைய ஊரின் கூலி எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டால் முரண்பாடு தீரும்.

மலைப்பாதையும் ரயிலும் தூரத்தைக் குறைத்தனவா?

கிலோமீட்டரைக் குறைக்கவில்லை, நேரத்தையும் செலவையும் குறைத்தன, புவியியலில் பெரும்பாலும் அதுவே தூரம். மேட்டுப்பாளையத்துக்கு 1873இல் ரயில் வந்தது. குன்னூருக்கு 1899இலும் உதகைக்கு 1908இலும் ஏறியது. செங்குத்தான ஏற்றத்துக்குப் பல் தண்டவாள முறை வேண்டியிருந்ததால், நுட்பமும் இயந்திரமும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. பின்னாளில் அதே வகை நீராவி இயந்திரங்கள் திருச்சி பொன்மலையில் செய்யப்பட்டன. மலையிலிருந்து கீழே போனவற்றுள் மின்சாரத்தை மறக்க வேண்டாம். 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நிலையம் கோயம்புத்தூர் ஆலைகளை ஓட்டியது. குந்தாத் திட்டத்துக்குக் நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி உதவி ஏற்பாடான கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா உதவியது.

ஊட்டி சாக்லேட் எந்த அளவுக்கு ஊட்டியினுடையது?

செய்யும் கையும் விற்கும் கடையும் ஊட்டி. கொக்கோ மரத்துக்கு உதகையின் உறைபனி ஆகாது. உலகக் கொக்கோவில் பெரும்பங்கு மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா நாடுகளில் விளைகிறது. 2024இல் அங்கே விளைச்சல் குன்றி உலகச் சந்தையில் டன் விலை 10,000 டாலரைத் தாண்டியது. சாக்லேட் செய்யும் எவரும் அந்த அலையிலிருந்து தப்ப முடியாது. ஏமாற்று என்று இதைச் சொல்ல மாட்டேன். குளிர்ந்த காற்றில் உருகாமல் நிற்கும் சாக்லேட்டும், பொட்டலம் கட்டி எடுத்துச் செல்ல விரும்பும் பயணியும் ஓரிடத்தில் சேர்ந்ததால் உருவான தொழில் அது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு கதை, உதகையின் இந்து நகர் பகுதியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். தூசு குறைந்த குளிர்ந்த காற்று ஃபிலிம் தயாரிப்புக்கு ஏற்றது என்பதால் 1960இல் நிறுவப்பட்ட அரசு ஆலை, டிஜிட்டல் கேமரா வந்தபின் மூடப்பட்டது. காற்று மாறவில்லை, அந்தக் காற்றின் பயன் மாறிவிட்டது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய பயிற்சி உண்டா?

ஒன்று சொல்கிறேன். வீட்டில் மிக முதியவரிடம், அவர் பத்து வயதில் காலையில் என்ன சாப்பிட்டார், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதுங்கள். இன்று காலை நீங்கள் சாப்பிட்டவற்றையும் அவ்வாறே எழுதுங்கள். ஒரு தாளில் உங்கள் ஹட்டியையோ (படுகர் ஊர்) லைன் வீட்டையோ (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) நடுவில் குறித்து, இரண்டு பட்டியலுக்கும் இரண்டு நிறத்தில் கோடு இழுங்கள். கோடு நீளமாவதை எல்லாரும் கண்டுபிடிப்பார்கள், அத்துடன் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு கோட்டின் இரு முனையிலும், விலை சொல்பவர் எந்த முனையில் இருக்கிறார் என்று ஒரு புள்ளி வையுங்கள். தேயிலைக்குப் புள்ளி எங்கே வைப்பது என்று வீட்டில் வாக்குவாதம் வந்தால், புள்ளியை அழிக்காமல் வாக்குவாதத்தையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.